சிலுவை போட்ட கோப்புகள்

கம்ப்யூட்டரில் கறுப்புத் திரையைத் திறந்து கட்டளை எழுதிப் பழக வேண்டும் என்று இப்போதும் யாராவது என்னைத் தேடி வருகிறார்கள். துறைமுகச் சாலையில் எங்களைப் போல எத்தனையோ ஆபீஸ்கள் இருக்கின்றன, எல்லாவற்றிலும் ஒரே தொல்லைதான். நூறு கோப்புக்குப் பெயர் மாற்ற வேண்டும், ஐம்பதை வேறு ஃபோல்டருக்குத் தள்ள வேண்டும், அடுத்த நாளும் அதையே செய்ய வேண்டும். வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, கட்டளைகளை மனப்பாடம் செய்யாதீர்கள் என்பது. ஒரு வாரம் உங்கள் வேலையையே கவனியுங்கள், எதைச் செய்யும்போது பல்லைக் கடிக்கிறீர்களோ அங்கே தொடங்குங்கள் என்பேன். அப்புறம், அழிக்கும் கட்டளையை முதல் வருஷம் தொடவே தொடாதீர்கள் என்பேன். ஏன் என்று கேட்டால் அனுபவம் என்று சொல்லிச் சிரிப்பேன். அனுபவம் என்றால் ஏதோ நான் அடிபட்டு எழுந்த மாதிரி இருக்கும். அடிபட்டது நான் இல்லை.

எங்கள் ஆபீஸ், வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிறவர்களுக்குக் கஸ்டம்ஸ் காகிதம் தயார் செய்து கொடுக்கிற ஆபீஸ். மொத்தம் ஏழு பேர். முதலாளி சாத்தான்குளத்துக்காரர், அவரை அண்ணாச்சி என்போம். கம்ப்யூட்டர், ஸ்கேனர், பிரிண்டர், இன்டர்நெட் நின்றுபோனால் அதற்குத் திட்டு வாங்குவது, எல்லாம் என் பொறுப்பு. டாக்குமெண்ட் மேசையில் திரேஸ்புரத்து அக்கா இருந்தார். பதினெட்டு வருஷமாக அதே மேசை. கன்டெய்னர் எண் என்பது நாலு ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கமும். அக்கா அதை ஒரு தடவை பார்த்தால் போதும், மறுநாள் பார்க்காமலே சொல்லுவார். நாங்கள் பட்டியலைப் புரட்டுவதற்குப் பதிலாக அக்காவைக் கேட்டுக்கொள்வோம்.

அக்காவின் வேலைமுறை எளிமையானது. காகிதத்தின் முதல் பிரதியைக் கன்டெய்னர் எண்ணையே பெயராக வைத்துச் சேமிப்பார். சரக்குக்காரர் அதைப் பார்த்து எடையை மாற்று, பேல் என்கிற மூட்டைக் கணக்கை மாற்று என்று திருத்தம் சொல்லுவார். எல்லாம் திருத்தி முடிந்ததும் இறுதிப் பிரதியை வேறாகச் சேமித்து, பெயருக்கு முன்னால் ஒரு பிளஸ் குறி போடுவார். அவருக்கு அது பிளஸ் இல்லை, சிலுவை. அவர்கள் வீட்டில் படகைச் செப்பனிட்டு இறக்கும்போது முன்பக்கம் ஒரு சிலுவை வரைவார்களாம். எல்லாம் பார்த்தாயிற்று, இனி கடலுக்குப் போகலாம் என்று அர்த்தம்.

நான் நாசரேத்து வாத்தியார் வீட்டுப் பிள்ளை. நாங்களும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் எங்கள் சபையில் இப்படிச் சிலுவை போடுகிற பழக்கம் எல்லாம் கிடையாது. அக்காவின் கோப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

"என்னக்கா, ஃபைலுக்கும் ஞானஸ்நானம் குடுத்தாச்சா?" என்பேன்.

"ஏலே, கடலுக்குப் போற சாமானுக்குச் சிலுவ வேண்டாமா? ஒங்க நாசரேத்துல கடலா இருக்கு, ஒனக்கு என்ன தெரியும்" என்பார்.

நூறு தடவை கேலி செய்திருப்பேன். அந்தக் குறியை எப்போது போடுகிறார், எதற்குப் போடுகிறார் என்று ஒரு தடவைகூட விவரமாகக் கேட்டதில்லை. இந்த விளக்கமெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்ததுதான்.

அந்த வருஷம்தான் நான் கட்டளை எழுதப் பழகினேன். நானே வீடியோ பார்த்து, நானே தப்புச் செய்து, ஒரு நோட்டில் எழுதி எழுதிக் கற்றேன். நல்ல பழக்கங்கள் சில எனக்கு அப்போதே வந்துவிட்டன, அதை மறுக்க முடியாது. கோப்பின் பெயரை முழுதாக அடிக்காமல் இரண்டு எழுத்து அடித்து டேப் விசையைத் தட்டினால் மீதியை அதுவே நிரப்பும், எழுத்துப்பிழை வராது. மேல்நோக்கிய அம்பை அழுத்தினால் முன்பு எழுதிய கட்டளை திரும்ப வரும். பெயருக்கு நடுவில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் போட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கோப்பை இரண்டு கோப்பு என்று நினைத்துக்கொள்ளும். இந்த மூன்றும் தெரிந்ததும் எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது. குறைகுடம் கூத்தாடும் என்பார்களே, நான் மேசைக்கு மேசை போய்க் கூத்தாடினேன்.

எங்கள் ஸ்கேனர் எதைக் கொடுத்தாலும் தன் இஷ்டத்துக்கு ஒரு பெயர் வைத்து, எல்லோருக்கும் பொதுவான ஃபோல்டரில் தள்ளும். வாரக் கடைசியில் அது குப்பைமேடாகக் கிடக்கும். அண்ணாச்சி பார்த்துவிட்டு, "என்னலே இது, மீன் மார்க்கெட்டா" என்பார். நான் பத்தொன்பது வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். கன்டெய்னர் எண்ணில் தொடங்குகிற கோப்பு இருக்கட்டும், மற்றதெல்லாம் குப்பை, அழித்துவிடு. சனிக்கிழமை மதியம் எல்லோரும் கிளம்பியதும் தானாக ஓடும்படி நேரமும் குறித்து, அதை ஸ்கிரிப்டின் முதல் வரியிலும் எழுதி வைத்தேன். அழிக்கிற கட்டளை ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. மௌஸால் அழித்தால் குப்பைத்தொட்டியிலாவது கிடக்கும், திரும்ப எடுக்கலாம். இது தொட்டிக்கும் போகாது.

சோதித்துப் பார்க்காமல் விட்டேன் என்று சொல்ல முடியாது. தனியாக ஒரு ஃபோல்டர் திறந்து, அதில் நானே இருபது கோப்புகளைப் போட்டு ஓட்டினேன். அற்புதமாக வேலை செய்தது. நான் எதிர்பார்த்த கோப்புகளை மட்டும் நானே போட்டு வைத்துவிட்டு ஓட்டினால் சோதனை எப்படித் தோற்கும்? உண்மையான ஃபோல்டரை அப்படியே நகல் எடுத்து அதில் ஓட்டியிருக்க வேண்டும். அழிக்கிற வரிக்கு முன்னால் எக்கோ என்று போட்டிருந்தால், அழிக்காமல் எதையெல்லாம் அழிக்கப் போகிறேன் என்று பட்டியல் காட்டியிருக்கும். அதை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போய், இதெல்லாம் வேண்டாம்தானே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அவர் மேசைக்கும் என் மேசைக்கும் நடுவில் ஒரு தண்ணீர்க் கேன்தான் இருந்தது.

திங்கள் முதல் வெள்ளி வரை ஆபத்து இல்லை. அக்கா சிலுவை போட்டதும் அண்ணாச்சி ஒரு தடவை பார்ப்பார், உடனே அனுப்பிவிட்டு, கோப்பை அந்தந்தக் கப்பலின் ஃபோல்டருக்கு மாற்றிவிடுவார்கள். சனிக்கிழமை மட்டும் அண்ணாச்சி காலையிலேயே ஊருக்குக் கிளம்பிவிடுவார். அன்றைக்கு அக்கா முடிக்கிற ஒன்றிரண்டு கோப்புகள் சிலுவையோடு திங்கட்கிழமை வரை பொது ஃபோல்டரிலேயே காத்திருக்கும்.

ஸ்கிரிப்ட் மூன்றாவது தடவை ஓடியபின் வந்த திங்கட்கிழமை அக்கா லீவு. அவர் அம்மாவுக்கு முதல் வருஷ நினைவுப் பூசை. அன்று மதியத்துக்குள் நிலாவாரை என்கிற மருந்து இலை ஏற்றிய ஒரு கன்டெய்னருக்குக் காகிதம் போக வேண்டும். அண்ணாச்சி போனில் கேட்டார். அக்கா கோயில் வாசலில் நின்று பேசினார் போலிருக்கிறது, மணிச்சத்தம் எங்களுக்கே கேட்டது. "சனிக்கிழமையே முடிச்சிட்டேன் அண்ணாச்சி, சிலுவ போட்டது இருக்கும், அத அனுப்புங்க" என்றார். அண்ணாச்சி தேடினார். சிலுவை போட்டது எதுவும் இல்லை. கன்டெய்னர் எண்ணில் ஒரே ஒரு கோப்புதான் இருந்தது. சிலுவை போட மறந்துவிட்டாள் என்று நினைத்து அதையே அனுப்பிவிட்டார்.

அது முதல் பிரதி. பேல் கணக்கு தப்பு. துறைமுகக் கேட்டில் எண்ணிப் பார்த்துவிட்டுக் கன்டெய்னரை ஓரம் கட்டிவிட்டார்கள். கப்பல் போய்விட்டது.

மறுநாள் அண்ணாச்சி சத்தம் போட்டதில் தெருவே திரும்பிப் பார்த்தது. அக்கா நின்றபடியே, "நான் போட்டேன் அண்ணாச்சி, போட்டது எனக்கு நல்லா நெனவு இருக்கு" என்றார். "போட்டா எங்கம்மா போச்சு? காக்கா தூக்கிட்டுப் போச்சா?" என்றார் அண்ணாச்சி. அக்கா ஃபோல்டரை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். கடைசியில் குரல் இறங்கி, "போடலையோ என்னவோ" என்றார்.

அந்த "என்னவோ" கேட்டதும் என் மேசைக்குப் போய் உட்கார்ந்தேன். என் ஸ்கிரிப்ட் அழிப்பதையெல்லாம் ஒரு குறிப்புக் கோப்பில் எழுதி வைக்கும். அப்படி எழுதச் சொன்னது நான்தான், ஆனால் ஒருநாளும் திறந்து படித்ததில்லை. திறந்தேன். ஸ்கேனர் குப்பைக்கு நடுவில், ஒரு பிளஸ் குறி, பக்கத்தில் நிலாவாரைக் கன்டெய்னரின் எண். அதற்கு முந்தின இரண்டு சனிக்கிழமைகளிலும் இதே மாதிரி ஒவ்வொன்று.

எழுந்து நாலடி நடந்தால் அண்ணாச்சி அறை. சொல்லியிருந்தால் வேலை போயிருக்காது, இரண்டு நாள் திட்டியிருப்பார், அவ்வளவுதான். இதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என்னையே பிடிக்கவில்லை. உயிருக்குப் பயந்து பொய் சொல்கிறவனைக்கூட மன்னிக்கலாம். நான், கெட்டிக்காரன் என்ற பெயர் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். குறிப்புக் கோப்பை அழித்தேன். ஸ்கிரிப்டில் பிளஸ் குறியில் தொடங்குவதையும் விட்டுவிடு என்று ஒரு வரியைத் திருத்தினேன். எந்தக் கோப்பைத் திருத்தினாலும் பழையதைத் தேதி போட்டு எடுத்து வைக்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன், அதையும் ஒழுங்காகச் செய்தேன். அந்த ஒழுங்குக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது எங்கள் ஆபீசில் அப்படியே நடந்தது. அந்த வாரக் கடைசியில் அக்காவை டாக்குமெண்ட் மேசையிலிருந்து எடுத்துத் தபால் மேசையில் போட்டார்கள். "ஒனக்கும் வயசாவுதுல்லா, கொஞ்சம் லேசான வேலையாப் பாரு" என்றார் அண்ணாச்சி. அக்காவுக்கு நாற்பத்தொன்பது. அவர் மேசை எனக்கு வந்தது. "ஒம் மெஷின் மறக்காதுல்லாலே" என்று அண்ணாச்சி என் தோளில் தட்டினார். நான் தலையாட்டினேன்.

தபால் மேசை வாசல் பக்கம். மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் அக்கா உள்ளே வருவார். ஒருநாள் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தூக்குவாளியிலிருந்து ஒரு துண்டு சீலா மீனை என் தட்டில் வைத்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்.

"தம்பி, யாருட்டயும் சொல்லாத. அன்னைக்கு மட்டும் இல்ல. அதுக்கு முன்னாடி ரெண்டு திங்கக்கிழம இதே மாதிரி ஆச்சு. சனிக்கிழம முடிச்சேன்னு மனசு சொல்லுது, வந்து பாத்தா இல்ல. அவசர அவசரமா மறுபடி அடிச்சு வச்சேன். எங்க அம்மாவுக்கும் இப்படித்தாம்ல ஆரம்பிச்சுது. அடுப்ப அணைச்சேம்பா, அணைச்சிருக்க மாட்டா. கடசியில என்னயப் பாத்தே நீ யாரு மோளேன்னு கேட்டா."

நான் முள் எடுக்கிற மாதிரி மீனைக் கிளறினேன். முள் ஒன்றும் இல்லை.

"டாக்டரப் பாத்தீங்களாக்கா?" என்று கேட்டேன். கேட்டேனே, அந்த வாயை என்ன செய்வது.

"பயமா இருக்குப்பா. ஆமான்னு சொல்லிட்டார்னா? இப்போதைக்கு வல்லார லேகியம் சாப்புடுதேன்" என்றார். தூக்குவாளியை மூடியபடி, "எனக்கு அந்தக் கறுப்புத் திரையச் சொல்லிக்குடுப்பியா? நான் மறந்தாலும் அது மறக்காதுல்லா" என்றார்.

சொல்லிக்கொடுத்தேன். தினமும் மதியம் இருபது நிமிஷம், ஏறக்குறைய ஏழு மாதம். இதைச் செய்தால் அது தீர்ந்துவிடும் என்று உள்ளுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். அக்கா நோட்டின் மேலே சிலுவை போட்டுத்தான் எழுதத் தொடங்குவார். அந்தச் சிலுவையைப் பார்க்கும்போதெல்லாம் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

இவ்வளவு நல்ல மாணவரை நான் பார்த்ததில்லை. நான் அவசரத்தில் தாண்டிய படியையெல்லாம் அவர் நின்று நின்று ஏறினார். முதலில் எக்கோ போட்டுப் பார், அப்புறம் உண்மையாக ஓட்டு என்றால், மூன்று நாள் எக்கோவிலேயே இருப்பார். அழிக்காதீர்கள், "பிறகு பார்க்க" என்று ஒரு ஃபோல்டர் வைத்து அதற்கு மாற்றுங்கள், ஒரு மாதம் யாரும் தேடாவிட்டால் அப்புறம் பார்க்கலாம் என்றேன். "இதுதாம்ல நியாயம். கருவாட்டக்கூட மோந்து பாத்துத்தான தூரப் போடுதோம்" என்றார். ஸ்கிரிப்டின் ஒவ்வொரு வரியையும் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், சொல்ல முடியாவிட்டால் அந்த வரி உங்களுக்குப் புரியவில்லை என்று அர்த்தம் என்றேன். வாசலில் உட்கார்ந்து தபாலுக்கு முத்திரை குத்திக்கொண்டே வரி வரியாகச் சொல்லிக்கொண்டிருப்பார்.

அப்படியும் வீட்டில் எதையாவது வைத்துவிட்டு வந்தால் முகம் வெளுத்துவிடும். குடையை மறந்ததற்கு ஒருநாள் கண் கலங்கினார். எல்லோரும்தான் குடையை மறப்பார்கள் அக்கா என்றேன். அதற்கு மேலே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. பலநாள் அது நாக்கு நுனிவரை வந்தது. நாள் ஆக ஆகச் சொல்ல வேண்டிய தப்பு ஒன்றுக்கு இரண்டானது, அழித்தது ஒன்று, மறைத்தது ஒன்று. இரண்டாவதுதான் பெரிதாக வளர்ந்துகொண்டே போனது.

ஒரு வியாழக்கிழமை எஃப்சி என்ற கட்டளையைச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு கோப்புகளின் பெயரைக் கொடுத்தால் எந்த வரியில் மாறுகிறது என்று காட்டும். பழகுவதற்கு என்ன செய்யட்டும் என்று கேட்டார். அடுத்தவர் எழுதின ஸ்கிரிப்டைப் படிப்பதுதான் நல்ல பயிற்சி, என் பழைய ஸ்கிரிப்டுகள் எல்லாம் அந்த ஃபோல்டரில் இருக்கின்றன, பழையதையும் புதியதையும் வைத்துப் பாருங்கள் என்றேன். ஏழு மாதத்தில் எனக்கு அந்தப் பத்தொன்பது வரி அங்கே கிடப்பதே மறந்திருந்தது. மறதி யாருக்கு என்று பாருங்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு கன்டெய்னர் விஷயமாகத் துறைமுகக் கேட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினேன். அக்கா என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், சாப்பாட்டைத் திறக்கவில்லை. நோட்டில் ஒரு தேதி எழுதி அதைச் சுற்றிக் கோடு போட்டிருந்தது. திரையில் எஃப்சி காட்டிய அந்த ஒற்றை வரி, பழையது மேலே, புதியது கீழே.

நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அக்கா திரையில் விரலை வைத்து, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, வாய்விட்டுத் தமிழில் படித்தார்.

"கன்டெய்னர் நம்பர்ல ஆரம்பிக்காத எல்லாத்தையும் அழிச்சிரு. சனிக்கிழம. ரெண்டு மணி." விரல் கீழே இறங்கியது. "சிலுவ போட்டத விட்டுரு. இது மாத்துன தேதி, எனக்கு ஏச்சு விழுந்த அன்னைக்கு."

"அக்கா" என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திரேஸ்புரத்துக் கடற்கரையில் அவர் குரல் எப்படி ஏறும் என்று கேட்டிருக்கிறேன், அதற்குத் தயாராகத்தான் நின்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பார்வையில் கோபத்தைவிட வேறு ஏதோ அவசரம் இருந்தது.

"அப்ப நான் மறக்கலையா தம்பி?"

"இல்லக்கா. நீங்க போட்டிருந்தீங்க. மூணு தடவையும் போட்டிருந்தீங்க."

"எங்க அம்ம மாதிரி எனக்கு இல்லியா?"

"இல்லக்கா."

அவர் எழுந்தார். என்னைத் தாண்டி வெளியே போய், வாசலில் நின்று தங்கைக்குப் போன் போட்டார். ஜன்னல் திறந்திருந்தது. "ஏளா, எனக்கு ஒண்ணும் இல்லளா. மறதியும் இல்ல ஒண்ணும் இல்ல. எல்லாம் நெனவு இருக்கு, எல்லாம் நெனவு இருக்கு" என்று சொல்லிச் சொல்லி அழுதார். யார் செய்தது என்று தங்கை கேட்டிருப்பார் போல. "அது யாரோ ஆபீசுல" என்றார்.

அன்று மாலையே அண்ணாச்சியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "சரி விடு, மெஷின் செஞ்சதுக்கு நீ என்னலே செய்வ" என்றார். மெஷின் செய்தது அல்ல, மறைத்தது நான்தான் என்று மறுபடியும் சொன்னேன். அதையும் விடச் சொன்னார். ஒரு குறியை மறந்ததாகச் சொல்லி அக்காவை வாசலுக்கு அனுப்பியவர், நான் ஏழு மாதம் மறைத்ததை ஒரு வாய் டீயோடு விழுங்கிவிட்டார். அப்படி மன்னிப்புக் கிடைத்தது எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. திங்கட்கிழமை அக்கா தன் பழைய மேசைக்குத் திரும்பினார்.

இப்போது பொது ஃபோல்டரைச் சுத்தம் செய்வது அக்கா எழுதிய ஸ்கிரிப்ட். அது எதையும் அழிப்பதில்லை, ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, யார் யார் கோப்பு என்று ஒரு பட்டியல் போடும். அந்தப் பட்டியலைத் திங்கட்கிழமை காலையில் மேசை மேசையாக எடுத்துப்போய், இது வேண்டுமா வேண்டாமா என்று ஒவ்வொருவரையும் கேட்பார். என்னிடமும் வருவார். சந்தேகம் இருந்தால் கேட்பார், சொல்லிக்கொடுத்தால் நோட்டில் எழுதிக்கொள்வார். பேச்சில் ஒரு குறையும் வைப்பதில்லை.

"சார், இந்த ரெண்டு ஃபைலும் உங்களோடதா? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க சார்" என்பார்.